ஆராயிக்காவின் முதல் அடுக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆராயிக்காவிடம் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வார், அதுவும் பண்ணை முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஆராயிக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. பிறந்து வளர்ந்தது ஜலகண்டாபுரம் பக்கம், விசைத்தறிகளுக்கு நடுவில். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்பதற்கே கத்த வேண்டுமாம். கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்து இருபத்தாறு வருஷம் ஆகியும் தொண்டை இன்னும் தறிக்கூடத்தை விட்டு வரவில்லை. வீட்டுக்காரர் ஆண்டி ரிக் லாரியில் போர்வெல் போடப் போகிறவர். வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். அவரிடம் பேச அக்காவுக்குப் போன் எதற்கு, ரோட்டில் நின்று கூப்பிட்டாலே போதும் என்று பண்ணையில் கேலி செய்வார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

பண்ணை என் சித்தப்பா குணசீலனுடையது. மோகனூர் ரோட்டில் இருக்கிறது, நாற்பதாயிரம் கோழி. அக்கா அங்கே பதினாறு வருஷமாக வேலை செய்கிறார். முதல் பன்னிரண்டு வருஷம் ஷெட்டில், கூண்டு வரிசைகளுக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்து முட்டை பொறுக்கினார். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே தண்ணீர் கொட்டிக் கிடந்த இடத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லில் விரிசல். அதற்குப் பிறகு சித்தப்பா அவரை முட்டை ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

ஷெட்டுகளிலிருந்து வரும் முட்டையை அந்த ரூமில் அட்டைகளில் வைத்து, பத்து அட்டை ஒரு அடுக்கு என்று அடுக்குவார்கள். அடுக்குகளை எண்ணி, உடைசலைக் கழித்து, நோட்டில் எழுதி, லாரியில் ஏற்றிவிடுவது அக்காவின் பொறுப்பு. காலையில் அந்தப் பக்கம் போனால் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று அவர் குரல்தான் முதலில் காதில் விழும். எங்கள் பக்கம் நெல் அளந்தாலும் கடலைக்காய் அளந்தாலும் முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். நாலு வருஷத்தில் அக்காவின் எண்ணிக்கையில் ஒரு முட்டை கூடக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை என்று லாரிக்காரர்களே சொல்வார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் நான் போய் மூக்கை நுழைத்தேன்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பயிற்சி மையத்துக்கு ஆறு மாதம் போய் வந்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். ஒரு நாள் சித்தப்பா வந்து, “ஏன் யுவா, படிச்சுப்போட்டு சும்மா உக்காந்திருக்கறதுக்கு, நம்ம முட்டை ரூம் நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன் அம்மிணி” என்றார். ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். பரீட்சைக்காக இல்லாமல், நிஜமாக ஒருவர் உட்கார்ந்து பயன்படுத்தப் போகிற முதல் புரோகிராம். கால் தரையில் படவில்லை எனக்கு.

கறுப்புத் திரை, மூன்றே கேள்விகள். எத்தனையாவது அடுக்கு, அதில் எத்தனை அட்டை, உடைசல் எத்தனை. திரையில் தமிழ் எழுத்தை வரவைக்க எனக்குத் தெரியவில்லை, அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவைத்தேன். பதிலைத் தட்டினால் அடுத்த கேள்வி வரும். அடுக்கு எண்ணை ஒன்றுக்குக் குறைவாகக் கொடுத்தாலும், மற்ற கேள்விகளுக்குப் பொருந்தாத எண்ணைக் கொடுத்தாலும் ஏற்காமல் மறுபடியும் கேட்கும்படி செய்திருந்தேன். அதை நினைத்து எனக்கே என் மேல் மதிப்பு கூடிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நானே நூறு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தேன். அதற்குள் அன்றைய அடுக்குகளில் பாதியை அக்கா நோட்டில் எழுதி முடித்திருந்தார், ஆகையால் அறுபத்தொன்றாவது அடுக்கிலிருந்து கம்ப்யூட்டரில் ஆரம்பித்தோம். கோழி கொத்துவது போல ஒற்றை விரலால் தட்டினார். ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டார். “இவ்வளவுதானுங்களா? இதுக்கா இத்தன பயந்தேன்” என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் போன் வந்தது.

“அம்மிணி, இது கேட்டதையே கேட்டுட்டு இருக்குதுங்க. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். அதுக்குக் காது கேக்கல போலிருக்குது.”

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரையில் ‘அடுக்கு? அடுக்கு? அடுக்கு?’ என்று ஒரே கேள்வி கீழிருந்து மேலே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை வைக்க முடியவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறி வேறு உறுமிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டு, நானே உட்கார்ந்து ஒன்று என்று தட்டினேன். அடுத்த கேள்வி வந்தது. பத்து. அதற்கடுத்தது வந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது அடுக்கிலிருந்து அக்கா போட்டார், சாயங்காலம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அதே கதை. கோழி இறகும் தூசியும் கீபோர்டுக்குள் போயிருக்கும் என்று நினைத்து நாமக்கல் போய்ப் புதுக் கீபோர்டு வாங்கி வந்து மாட்டினேன். நான் போட்டால் ஒழுங்காக வேலை செய்தது. சனிக்கிழமை காலை, புதுக் கீபோர்டிலும் அதே ஆறு ஓடியது.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. லாரி ஏற்றுகிறவர்கள், முட்டை அடுக்குகிற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தினேன். “நான் போட்டா ஒழுங்கா இருக்குது, உங்க கை பட்டா மட்டும் ஏன் இப்படி ஆகுது? கண்டதையும் அமுக்காதீங்கன்னு எத்தன தடவை சொல்றது?” என் வயதில் ஒரு மகள் இருக்கிற மனுஷியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அக்கா விரலைக் கீபோர்டை விட்டு எடுத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா உள்ளே வந்தார். மூன்று நாளாகக் கேரளாவுக்குப் போகிற லாரி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியிருந்தது. “திங்கக்கெழமையிலிருந்து டிகிரி படிச்ச புள்ள ஒண்ணை வரச்சொல்லியிருக்கறேன். இனி இந்தச் சோலிய அது பார்க்கட்டும். ஆராயி, நீ மறுபடி ஷெட்டுக்கே போயிரு” என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். கணக்குப் போட்டார், முடிவு எடுத்தார், அவ்வளவுதான்.

“சரிங்க முதலாளி” என்றார் அக்கா.

வேலை முடிந்து போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கேட்டார். “ஏனுங்க அம்மிணி, கூண்டுக்கு நடுவால சக்கரம் வெச்சுத் தள்ளிட்டுப் போற மாதிரி ஸ்டூலு எங்காச்சும் கெடைக்குமுங்களா? நீங்கதான் போன்ல தேடிப் பார்ப்பீங்களே.” கேட்டுவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். ஷெட்டு வேலைக்கு அந்தக் கால் ஒரு மாதம் தாங்காது என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முட்டை ரூமுக்குப் போய்விட்டேன். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். “நான் வாயே திறக்க மாட்டேன். தினமும் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க” என்றேன்.

அக்கா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் அடுக்கு வந்து நின்றது. திரை ‘அடுக்கு?’ என்று கேட்டது. அக்காவின் விரல் மேலே எண் வரிசைக்குப் போகவே இல்லை. கீழே எழுத்துகளுக்கு நடுவில் தேடி, வலது பக்கமாக நகர்ந்து, ஒன்றை அமுக்கியது. அடுத்து என்டர். திரை ஓட ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, இப்ப என்ன அமுக்குனீங்க?”

“எல்லுங்க.”

“எதுக்கு எல்லு?”

“மொத அடுக்குங்களே அம்மிணி, லாபம். நோட்டுல ‘லா’ன்னு எழுதுவேன். இதுல தமிழ் எழுத்து இல்லீங்களே. வண்டி பழகறவிய முன்னால ஒட்டியிருப்பாங்களே, அந்த எல்லு எனக்குத் தெரியும். அதைப் போட்டேனுங்க.”

“ஒண்ணுன்னு போட்டிருக்கலாமே அக்கா.”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “விடியக்காலம் மொத அடுக்கைப் போயி யாராச்சும் ஒண்ணும்பாங்களா?”

போன மாதம்தான் எங்கள் அம்மா களத்தில் கடலைக்காய் அளந்தார், முதல் படியை லாபம் என்றுதான் போட்டார், பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். நானும் அப்படித்தான் எண்ணுவேன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் காலேஜ் பெண்ணாகிவிட்டேன், அக்கா அக்காவாகவே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்து அக்காவும் சிரித்தார். திரை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். என் புரோகிராம் எண்ணுக்காகக் காத்திருக்கும். எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்தால் அதை எடுத்துக்கொள்ளத் தெரியாது, தூக்கிப் போடவும் தெரியாது. அந்த எல் வாசலிலேயே கிடக்கும். சரியான எண் வரவில்லையே என்று புரோகிராம் மறுபடியும் கேட்கும். கேட்டுவிட்டு வாசலைப் பார்த்தால் அதே எல். உடனே மறுபடியும் கேட்கும். மனுஷர் பதில் சொல்ல இடமே கிடையாது. தீவன மிஷினின் வாயில் கல் சிக்கிக்கொண்டால் மேலே எவ்வளவு கொட்டினாலும் கீழே ஒன்றும் விழாதே, அதுபோலத்தான். முதலில் கல்லை எடுக்க வேண்டும். நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த ‘மறுபடியும் கேள்’ என்கிற வரிதான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. ஆரம்பப் பாடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. சரிசெய்ய இரண்டே வரி போதும்.

இரண்டே வரி என்றதும் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் திருத்திவிட்டு, கீபோர்டு ஒயரில் கோளாறு என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடலாம். என் பெயர் கெடாது. ஆனால் ‘மிஷினைக் கெடுக்கிறவள்’ என்கிற பெயரோடு அக்கா நாளைக்கு ஷெட்டுக்குப் போவார். அப்படி நினைத்ததற்கே என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

எட்டு மணிக்குச் சித்தப்பா வந்ததும் சொன்னேன். அவர் நம்பவில்லை. “அவளுக்காகப் பரிஞ்சு பேசாத கண்ணு. நகரு, நான் போட்டுக் காட்டறேன். இதுல என்ன இருக்குது” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் திருத்தாத பழைய புரோகிராம்தான். அடுக்கு ஒன்று என்று தட்டினார். அட்டை பத்து. எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். உடைசல் எத்தனை என்று கேட்டது. அந்த அடுக்கில் உடைசல் இல்லை. சித்தப்பா எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை என்பதற்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் எழுதுவார். அதையே நிதானமாக, எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். நில்.

திரை ‘உடைசல்? உடைசல்? உடைசல்?’ என்று ஓட ஆரம்பித்தது.

சித்தப்பா என்டரைத் தட்டினார். எஸ்கேப்பைத் தட்டினார். கீபோர்டைத் தூக்கி அடியில் பார்த்தார். ஆராயிக்கா பக்கத்தில் போய், “அக்கட்டால நகருங்க முதலாளி. அதுக்கு இந்தப் பட்டனை அஞ்சு எண்ணற வரைக்கும் விடாம அமுக்கோணும்” என்று பழகிய கையோடு கம்ப்யூட்டரை அணைத்தார். லாரி ஏற்றும் காளிதாஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பாவும் சிரித்துவிட்டார்.

“சித்தப்பா, தப்பு பூரா என்னோடது” என்றேன். “எண்ணைத் தவிர வேற எது வந்தாலும் என்ன பண்றதுன்னு நான் எழுதவே இல்ல. அக்கா பேர்ல ஒண்ணும் இல்ல.”

“சரி. ஆனா நாளைக்கு விடியால நான் இங்கதான் நிப்பேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நேத்து சொன்னது சொன்னதுதான்” என்றார். தொழில்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. முட்டை ரூமிலேயே உட்கார்ந்து திருத்தினேன். கேள்விக்கு வருகிற பதிலை முழு வரியாக வாங்கி, எண்ணா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த வரியையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் கேட்கும்படி மாற்றினேன். எல் என்றால் ஒன்று என்றும், நில் என்றால் பூஜ்யம் என்றும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முடித்ததும், “அக்கா, உங்களுக்கு என்னென்ன தோணுதோ எல்லாத்தையும் போட்டு இதைக் கெடுங்க பார்க்கலாம்” என்றேன். “ஏஞ்சாமி, நேத்து அமுக்காதேன்னீங்க, இன்னைக்குக் கெடுன்னு சொல்றீங்களே” என்றவர், சரி என்று ஆரம்பித்தார்.

அக்காவுக்கு இருந்த கற்பனை என் வாத்தியார்களுக்கு இருந்ததில்லை. பத்துக்குப் பின்னால் அட்டை என்பதற்கு ஒரு ஏ போட்டார். ஒன்றுமே போடாமல் என்டரை மட்டும் பத்துத் தடவை அமுக்கினார். காளிதாஸ் வந்து தன் போன் நம்பரைத் தட்டினான். அதுவும் எண்தான், ஆனால் எண்ணுக்காக நான் ஒதுக்கிவைத்த பாத்திரத்துக்குள் அடங்காத பெரிய எண், புரோகிராம் தள்ளாடிவிட்டது. அதையும் திருத்தினேன். முட்டை அடுக்குகிற பெண்கள் வரிசையில் நின்று அவரவர் பெயரைப் போட்டார்கள். சித்தப்பா கூட ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய ஆள் மாதிரி காற்புள்ளியோடு ஆயிரத்து இருநூறு என்று தட்டிவிட்டுப் போனார். டீ மூன்று தடவை வந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. லாரி வாசலில் நின்றது. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா இன்றைக்குத் திரையை இரண்டு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுக்கு? எல். ஏற்றுக்கொண்டது, அடுத்த கேள்விக்குப் போனது. சித்தப்பாவின் மீசை லேசாக அசைந்தது. அட்டை? பத்து என்று போட வேண்டும். அக்கா ஒன்றைத் தட்டினார், பதற்றத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக அதற்குக் கீழே இருந்த ஓ எழுத்தைத் தட்டினார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்டரையும் தட்டிவிட்டார். இதை நேற்று யாருமே போட்டுப் பார்த்திருக்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். வேறு எதுவும் ஓடவில்லை. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

“என்னங்க அம்மிணி சொல்லுது?” என்று அக்கா கேட்டார்.

“புரியல, மறுபடி சொல்லுங்கன்னு சொல்லுதுங்க அக்கா.”

அக்கா விரலைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை சரியாகப் பார்த்துப் பத்து என்று போட்டார். அடுத்த கேள்வி வந்தது. முதல் லாரிக்கான அறுபது அடுக்கும் போட்டு முடிக்க மணி எட்டு. லாரியில் ஏறியதும் கம்ப்யூட்டரில் இருந்ததும் ஒன்றாக இருந்தது. சித்தப்பா போனை எடுத்து, “அந்தப் புள்ளைய வர வேண்டாம்னு சொல்லிருங்க. இங்க ஆள் இருக்குது” என்றார். போகிற போக்கில், அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போடச் சொல்லிக் காளிதாஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

“அம்மிணி, ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க அக்கா.”

“இந்தப் பொட்டியப் பாருங்க. புரியலைன்னா, புரியல, மறுபடி சொல்லுன்னு கேட்டுப்போட்டு, நான் சொல்ற வரைக்கும் சும்மா இருக்குது. நீங்க அந்த மூணு நாளும் வந்து, என்ன போட்டீங்கன்னு என்னைய ஒரு தடவை கேக்கவே இல்லீங்களே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. சத்தம் போட்டேன், கீபோர்டு மாற்றினேன், அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டிருக்கவே இல்லை.

“தப்புதானுங்க அக்கா” என்றேன். “மன்னிச்சுக்குங்க.”

“உடுங்க சாமி” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து, அடுத்த லாரிக்கு அட்டை போதுமா என்று பார்க்கப் போனார்.